இரைச்சல் நீக்கிய பாடம்

வெள்ளி, இரவு

தங்கை போன் செய்தாள். "அக்கா, உன் ஆன்லைன் லெக்சர்ல அப்பா சாப்பிடக் கூப்பிடுவாரே, அத அனுப்பு லா. திவசத்தன்னிக்கு எல்லாரும் கேக்கலாம். அவர் குரல் வேற எதுலயும் இல்ல."

பாசிர் ரிஸில் அப்பாவோடு இருந்த வீட்டில் பதிவு செய்த பாடம் அது. யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற திறந்த உரிமத்தோடு பல்கலைக்கழகத் தளத்தில் போட்டிருந்தேன். முகம் தெரியாத ஓர் ஆசிரியர், பின்னணிச் சத்தத்தையெல்லாம் நீக்கி, போன மாதம் எனக்கே அனுப்பினார். முழுதாகக் கேட்காமலே நன்றி எழுதினேன். பழையதை அழித்துவிட்டு அதையே ஏற்றினேன்.

அவரைச் சொல்லி என்ன? அனுமதி கொடுத்தவள் நான்.

இப்போது அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன். பாடத்தைப் பாதியில் நிறுத்துகிறேன். கதவுப் பக்கம் திரும்பி, யாருமே கூப்பிடாமல், "இதோ வரேன்ப்பா" என்கிறேன்.