அருவிக்குச் சுமந்த நாற்காலி

கட்டர் பள்ளத்தாக்கு, ஆர்க்கன்சா
4 மார்ச் 1997

அன்புள்ள மார்லாவுக்கு, உன் ஹோபர்ட் மாமா எழுதுவது.

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னபடிதான் நடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பத்துப் பேர் முன்னால், "செவ்வாய்க்குள்ள வானம் பொத்துக்கிட்டு ஊத்தும்" என்றேன். வானொலிக்காரன் வெயில் என்றான். இப்போது அவன் எங்கே, நான் எங்கே! நேற்றிலிருந்து கொட்டுகிறது. காய்ந்து கிடந்த டிங்கர் அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அந்த இரைச்சலில் என் கோழிகள் முட்டையிடுவதையே மறந்துவிட்டன.

உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பு. மழை விட்டால் மூன்று நாள், மிஞ்சினால் நாலு. அப்புறம் வெறும் பாறைதான் நிற்கும். நடக்க முடியுமா என்று நீ கேட்பாய். ஒரே மைல், பழைய வண்டித்தடம், ஓடையை இரண்டு இடத்தில் கல் மேல் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். நான் ஒருமுறை பன்றிக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பதினொரு நிமிஷத்தில் போய்த் திரும்பினேன். அப்போதெல்லாம் சாட்சிக்கு ஆட்கள் இருந்தார்கள்.

தொலைபேசியில் கூப்பிடாதே. எனக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது, அந்தக் கருவிதான் முணுமுணுக்கிறது.

உன் மாமா,
ஹோபர்ட்


துல்சா
11 மார்ச் 1997

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. எழுதி ஆறு நாள் கழித்து. அருவி இந்நேரம் காய்ந்திருக்கும். டிசம்பரிலும் இப்படித்தான் உங்கள் பேச்சைக் கேட்டு வந்து, பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். குறை சொல்லவில்லை. குறை சொல்லக்கூடத் தெம்பில்லை.

காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். மத்தியானம் வந்து அம்மாவைக் குளிப்பாட்டுகிறேன். ராத்திரி அம்மா நாலைந்து தடவை எழுந்து கதவைத் திறக்கப் போவாள். இதோடு ஆறு வருஷம். என்னை "நர்ஸம்மா" என்றுதான் கூப்பிடுகிறாள். போன வாரம் நான் தலை வாரிவிடும்போது, "நர்ஸம்மா, எங்க வீட்டு ஆளுங்க யாராவது என்னைப் பாக்க வருவாங்களா?" என்று கேட்டாள். வருவாங்க என்றேன்.

ஜூன் முதல் தேதி முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். டுவேன் அண்ணனிடம் சொன்னதற்கு, "உனக்கு எது சௌகரியமோ செய்" என்றான். அவன் பேச்சு உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் அம்மா அருவியை மட்டும் மறக்கவில்லை. சின்ன வயதில் நீங்கள் இருவரும் அங்கே பாத்திரம் கழுவினீர்களாமே. இல்லத்துக்கு அனுப்பும் முன் ஒருமுறை காட்டிவிட வேண்டும். ஏப்ரல் 12, சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருகிறோம்.

உங்கள்,
மார்லா


கட்டர் பள்ளத்தாக்கு
14 ஏப்ரல் 1997

அன்புள்ள மார்லாவுக்கு,

பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை மழையை நான்தான் வரவழைத்தேன் என்று பக்கத்துப் பண்ணையில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

காட்டு வாசலில் காரை நிறுத்தியதுமே ஸ்டீயரிங் மேல் சாய்ந்து நீ தூங்கிப்போனாய். எழுப்ப மனசு வரவில்லை. திரும்பி வரும்போதும் அதே மாதிரி வாயைத் திறந்தபடி கிடந்தாய். மூன்று மணி நேரம்! அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

என் சமையலறை நாற்காலியை முதுகில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டேன். அதை ஏற்றிப் போகத் தள்ளுவண்டி கொண்டு வந்திருந்தேன், ஆனால் இந்தக் காட்டுக்குள் சக்கரம் வைத்த வண்டி எதுவும் கூடாதென்று வனக்காவலன் தடுத்துவிட்டான். "நாற்காலிக்குச் சட்டம் உண்டா?" என்றேன். யோசித்துப் பார்த்து, "நாற்காலியப் பத்தி ஒண்ணும் எழுதலை பெரியவரே" என்றான். நூறு அடி நடப்பாள், நாற்காலியை இறக்குவேன், உட்காருவாள். மறுபடி நூறு அடி. அந்த நாற்காலி ஐம்பது பவுண்டு இருக்கும். டாக்வுட் மரங்கள் வெள்ளையாய்ப் பூத்திருந்தன.

"டேய் ஹோபர்ட், எதுக்குடா நாற்காலியைத் தூக்கிட்டு அலையறே? வீடு மாத்தறியா?" என்றாள். என் பேர் சொன்னாள், பார்த்தாயா!

"ஆமாக்கா, அருவிக்குக் குடி போறோம்" என்றேன்.

"உன் பொண்டாட்டி இருந்திருந்தா விட்டிருக்க மாட்டா" என்றாள்.

அருவி குதிரை வால் மாதிரி இறங்கியது. சாரலில் என் தொப்பியே பறந்துபோனது. அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தேன். பொரித்த பீச் பழப் பணியாரம் ஒன்றைத் தின்றாள். ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தெளிவாகச் சொன்னாள்: "இத்தனை வருஷம் என்னை விழாம பிடிச்சுக்கிட்டது அந்தப் பொண்ணுதான். மார்லா. அவ நர்ஸ் இல்ல, என் மக." எழுதும்போதே எனக்கு மயிர்க்கூச்செடுக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா,
ஹோபர்ட்


துல்சா
10 மே 1997

அன்புள்ள மாமா,

அம்மாவை அடக்கம் செய்த அன்று உங்களோடு ரெண்டு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. நீங்களும் குழியைப் பார்த்தபடியே நின்றுவிட்டு, சாப்பிடக்கூட இருக்காமல் கிளம்பிவிட்டீர்கள்.

வீடு ஓய்ந்து கிடக்கிறது. ராத்திரி யாரும் எழுந்து கதவைத் திறப்பதில்லை. ஆனாலும் எனக்கு நாலைந்து தடவை விழிப்பு வருகிறது.

உங்கள் ஏப்ரல் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. மடிப்பில் கிழிந்து, ஒட்டி வைத்திருக்கிறேன். கல்லறை வாசலில் டுவேன் எல்லார் காதிலும் விழும்படி என்ன சொன்னான் தெரியுமா? "ஹோம்ல கொண்டு தள்றதுக்குள்ள அம்மாவே கிளம்பிட்டாங்க. பாவம், மார்லாவுக்கு வேலை மிச்சம்." அத்தைமார்கள் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தார்கள். சண்டை போட உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை மாமா.

25ஆம் தேதி ஞாயிறு கல்லறை அலங்கார நாள். எல்லாரும் மலைமேல் இருக்கும் கல்லறைக்கு வருவார்கள். புல் வெட்டி, பூ வைத்து, சாப்பாட்டுக்கு முன் புதுக் கல்லறை அருகே ஒருவர் எழுந்து பேசுவது வழக்கம். அம்மாவுக்கு நீங்கள்தான் பேச வேண்டும். அருவியில் அம்மா சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள். டுவேன் கேட்கட்டும். உண்மையில் எனக்காகத்தான். அம்மா வாயிலிருந்து வந்தது என்று ஒருமுறை சத்தமாகக் கேட்டுவிட்டால் போதும், நான் தூங்கிவிடுவேன்.

உங்கள்,
மார்லா


கட்டர் பள்ளத்தாக்கு
15 மே 1997

அன்புள்ள மார்லா,

இந்தக் கடிதத்தை மூன்றாம் முறை எழுதுகிறேன். முதல் இரண்டும் நன்றாக வந்திருந்தன, அதனால் அடுப்பில் போட்டுவிட்டேன்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பேச்சு நிற்கவில்லை. பன்றிக்குட்டி, மழை, தொப்பி என்று நான் அளப்பதை இந்தப் பள்ளத்தாக்கில் எவனும் நம்புவதில்லை, கேட்பதையும் நிறுத்துவதில்லை. அதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அலங்கார நாளில் கல்லறை அருகே எழுந்து நிற்பவன் அளக்கக் கூடாது. என் அப்பாவுக்கு நான் பேசியபோதுகூட, அவர் முன்கோபி என்பதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

25ஆம் தேதி வருவேன், பேசுவேன். நீ ஆறு வருஷம் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்வேன். டுவேனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு சொல்வேன். ஆனால் என் வார்த்தையாக மட்டும்தான் சொல்ல முடியும்.

காட்டில் நடந்தது பெரும்பாலும் நான் எழுதியதுதான். நாற்காலி, வனக்காவலன், பணியாரம், "வீடு மாத்தறியா" என்று அவள் கிண்டல் செய்தது எல்லாம் நிஜம். தண்ணீர் குதிரை வால் இல்லை, கயிறு மாதிரி. அதைப் பொய்யென்று ஒத்துக்கொள்ள மாட்டேன், என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அருவி முன்னால் அக்கா என் கையைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நீ காரில் விழுந்து தூங்கிய விதம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவள் காதருகே குனிந்து, இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னேன்: "அக்கா, இத்தனை வருஷம் உன்னை விழாம பிடிச்சுக்கிட்டது அந்தப் பொண்ணுதான். மார்லா. அவ நர்ஸ் இல்ல, உன் மக."

சொன்னது நான், மார்லா. அவள் எதுவும் சொல்லவில்லை. தலையையாவது ஆட்டினாள் என்று எழுதக் கை துடிக்கிறது. ஆட்டவில்லை.

ஹோபர்ட்