இடப்பக்கத்துக் கட்டைகள்

2025 ஏப்ரல் 24, வியாழன்

ஷிஹாராவின் அறைச் சன்னலை இன்று திறந்தேன். மகள் கலியாணம் முடித்து டோஹாவுக்குப் போன நாளிலிருந்து பூட்டியே கிடந்த அறை. பூட்டிக் கிடந்தும் புத்தளம் களப்பின் கடற்காற்று எப்படியோ உள்ளே வந்து, சன்னல் விளிம்பெல்லாம் உப்புத்தூசி. துடைத்துக்கொண்டிருக்கும்போது அவளே போனில் கோல் எடுத்தாள்.

"உம்மா, எந்த நேரமும் ஸ்கூலும் சமையலும்தானா? உங்களுக்கெண்டு ஒண்டு செய்யுங்களேன். என்ன வேணும், சொல்லுங்க."

"பியானோ படிக்கணும்" என்றேன்.

நானா சொன்னேன்? பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்துக் காய்ந்துபோன இந்த வாயா? அந்தப் பக்கம் சிரித்தாள்.

"பியானோ நம்மட வாசலால உள்ளுக்கு வராது உம்மா. கீபோர்ட் பாப்பம்."

ஏப்ரல் 26

ஷிஹாரா படம் படமாக அனுப்புகிறாள். அறுபத்தொரு கட்டை உள்ளது, எண்பத்தெட்டு உள்ளது. தொட்டால் ஒரே சத்தம் தருவது, அழுத்தத்துக்கு ஏற்ப மெல்லவும் பலமாகவும் தருவது. கட்டை பாரமாக இருப்பது, இறகு போல இருப்பது. நூறு வகை மேளம் அடிப்பது. எனக்கு மேளம் வேண்டாம். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே இப்போதுதான் நினைவு வருகிறது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கும் கத்தரினா வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவர்கள் வீட்டு மண்டபத்தில் ஒரு கறுத்தப் பியானோ நின்றது. சனிக்கிழமை காலையில் கத்தரினா கன்னியர் மடத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வருவாள். பின்னேரம் அதையே எனக்குப் படிப்பிப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. வலக்கை வாசிப்பது அவள், இடக்கை வாசிப்பது நான். முழங்கை இடிபடும் என்று நான் இன்னும் இடப்பக்கம் தள்ளிப்போய், அடித்தொண்டையில் உறுமும் கட்டைகளில் வாசிப்பேன். "வேலிக்கு அங்கால இடி இடிக்குது, குடைய எடுங்க" என்று வாப்பா சிரிப்பார்.

ஒரே ஒரு துண்டைத்தான் முழுதாகப் படித்தோம். அதன் பேர் தெரியாது, புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் தலைப்புக் கிழிந்திருந்தது. நாங்கள் வைத்த பேர் 'மழை'.

பிறகு 1990 ஒக்டோபர். முஸ்லிம்கள் எல்லாரும் உடனே யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டும் என்று புலிகள் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தா. கத்தரினா வேலியடியில் நின்று என்னவோ கேட்டாள். சனத்தின் சத்தத்தில் காதில் விழவில்லை.

புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டிலில் படுத்த காலத்தில் பியானோவை நினைத்ததே இல்லை. தண்ணீர்க் குடம்தான் நினைவில் இருந்தது.

மே 3, சனி

பஜாரில் ஒரு கடை. குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் சலவை இயந்திரங்களுக்கும் நடுவே மூன்று கீபோர்ட். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் நிற்கிறார்களா என்று முதலில் திரும்பிப் பார்த்தேன்.

"படிக்கிறது யாரு மெடம், மகளா?" என்று முதலாளி கேட்டார்.

"நான்தான்."

"ஆ... அப்ப அறுபத்தொண்டு தாராளம்."

இடக்கையை வைத்தேன். வைத்ததும் அது தானாகவே போனது. நான் போகச் சொல்லவில்லை. முதல் நாலு இடம் சரியாக வந்தது. ஐந்தாவது இடத்துக்கு இன்னும் இடப்பக்கம் போனபோது கட்டை முடிந்துவிட்டது. சின்னவிரல் வெறும் காற்றில் விழுந்தது.

முதலாளி உதவ வந்தார். "இந்த பட்டனை அமத்துங்க, முழுச் சத்தமும் கீழ இறங்கும்." அமத்தினேன். உண்மைதான், அந்த உறுமல் வந்தது. ஆனால் இங்கே, வயிற்றுக்கு நேரே வந்தது. சத்தம் சரி, இடம் பிழை. கை அங்கேதான் போகவேண்டும் என்கிறது. இதை அவருக்கு எப்படிச் சொல்ல? யோசித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து, பஸ் நிலையத்தில் அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் நின்றேன்.

மே 4

என் கணவர் ஜபாரிடம் சொன்னேன். உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மேற்பார்வைக்காரர் என்றுதான் பேர். பாத்தியில் இறங்காமல் இருக்கத் தெரியாது. விரலெல்லாம் உப்பு வெடிப்பு.

"இந்த வயசுல என்னத்துக்கு புள்ள? பள்ளிவாசல் ரெண்டு வீடு தள்ளி ஈக்கி. ஊருல ஒவ்வொரு கதை கதைப்பாங்க."

"ஹெட்போன் போட்டா வெளியில கேக்காது."

"ஒருத்தருக்கும் கேக்காட்டி எதுக்கு வாசிக்கிற?"

கோபத்தோடு சோறு போட்டேன். நியாயமான கேள்வி என்பதுதான் கோபம்.

மே 9

பரீட்சைத் தாள் திருத்தும்போது இடக்கை மேசை விளிம்பில் 'மழை' வாசித்திருக்கிறது. "டீச்சர், கை நடுங்குதா?" என்று ஒன்பதாம் வகுப்பு கேட்டது.

மே 18, ஞாயிறு

எண்பத்தெட்டு கட்டை, பாவித்தது, தலவிலவில் விற்பனைக்கு இருக்கிறது என்று ஷிஹாரா கண்டுபிடித்தாள். ஜபார் தானாகவே வந்தார். "தூரம், தனியப் போகாத" என்றார். கற்பிட்டி வீதி முழுக்க அனல்காற்று.

விற்பவர் பேர் வின்சன்ட். அறுபது வயதிருக்கும். அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறவர். மகளோடு இருப்பதற்கு இத்தாலிக்குப் போகிறாராம். இந்தக் கரையில் பாதி வீடுகளில் ஒரு பிள்ளையாவது இத்தாலியில் உழைக்கிறது. கீபோர்டின் மேல் போட்டிருந்த வெள்ளைத் துணியை எடுக்க அவருக்கு மனமில்லை. ஒரு மூலையை மட்டும் மடித்தார்.

"வாங்க வாறவங்க எல்லாம் எத்தினை பாட்டு உள்ளுக்கு இருக்கு எண்டுதான் கேக்கிறாங்க. நீங்க என்ன கேக்கப்போறீங்க?"

"கட்டை பாரமா?"

அதைக் கேட்டதும் துணி முழுவதையும் எடுத்தார்.

ஒவ்வொரு கட்டையையும் முதலில் மெல்ல, பிறகு பலமாக அழுத்திப் பார்க்கச் சொன்னார். "கடக்காத்து பொல்லாதது. எங்கயாவது ஒண்டு செத்திருக்கும். என்னை நம்பாதீங்க, நீங்களே பாருங்க." இடப்பக்கக் கடைசியிலிருந்து தொடங்கினேன். அழுத்தினால் விரலை எதிர்த்து ஒரு பாரம். விட்டால் மெதுவாக எழும்புகிறது. ஒன்றும் செத்திருக்கவில்லை. மேலே ஒன்று மட்டும் கொஞ்சம் முனகியது.

பிறகு 'மழை'யை வாசித்தேன். இந்தத் தடவை விரலுக்குக் கீழே கட்டை இருந்தது. முழுவதும் வந்தது, கடைசி உறுமல் வரைக்கும். முப்பத்தைந்து வருஷம் எங்கே இருந்தது இது? எந்த எலும்பில்?

வின்சன்ட் கண்ணை மூடிக் கேட்டார். "சரி. இது அடிப்பாகம். மேல்பாகம் எங்க?"

"அது கத்தரினாட்ட" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிராது.

ஜபார் வெளியே வேப்பமரத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது பார்த்தேன், போன் திரை அணைந்தே கிடந்தது, பேசுகிற பாவனைதான்.

மே 24

வாங்கிய கீபோர்ட் உப்பு லொறியில் வந்து இறங்கியது. ஜபாரே பழைய பாயில் சுற்றிக் கட்டியிருந்தார். ஷிஹாராவின் அறையில் சன்னலுக்கு எதிரே. வின்சன்ட் அந்த வெள்ளைத் துணியையும் தந்துவிட்டிருக்கிறார்.

ஜூன் 1

மேல்பாகம் வரவில்லை.

இடக்கையை வாசித்துக்கொண்டே வலக்கையால் தேடுகிறேன். எது வைத்தாலும் ஏதோ ஒரு பாட்டுப் போல இருக்கிறது, அது இல்லை. வின்சன்ட்டுக்குப் போன் செய்து கேட்டேன். "அந்த அடிக்கு மேல நூறு பாட்டு இருக்கும் மிஸ், எது எண்டு நான் எப்பிடிச் சொல்ல?" என்கிறார்.

அவளுடைய முழங்கை நினைவிருக்கிறது. வலக்கைப் பெருவிரலில் இருந்த மைக்கறை நினைவிருக்கிறது. வாசித்தது மட்டும் நினைவில்லை. பக்கத்திலதானே இருந்தனான்? காது என்ன செய்துகொண்டு இருந்தது? நான் என்ர பாட்டையே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறன். அதுவும் போச்சா, அதையும் விட்டிட்டா வந்தனான்—

ஜூன் 2

நேற்று எழுதியதை வாசித்தேன். இருக்கட்டும்.

ஜூன் 7

ஹஜ்ஜுப் பெருநாள். வட்டிலப்பம் நன்றாக வந்தது. ஷிஹாரா வீடியோவில் அழுதாள். மேல்பாகம் வராத கதையைச் சொன்னேன். "உம்மா, கத்தரினாட முழுப் பேர் என்ன?" என்று கேட்டாள்.

ஜூன் 15

ஜபார் கதவடியில் நின்றார். ஹெட்போனைக் கழற்றினேன்.

"எனக்கு டொக்கு டொக்கு எண்டு மட்டும்தான் கேக்குது. யாரோ சுவருக்குள்ள தச்சு வேல செய்ற மாதிரி. என்னதான் வாசிக்கிற?"

வயரைப் பிடுங்கி, சத்தத்தைக் குறைத்து வாசித்துக் காட்டினேன். நின்றபடியே கேட்டார்.

"முடிஞ்சா?"

"ஓம்."

"யாரோ வாறத்துக்கு காத்துக்கொண்டு ஈக்கிற மாதிரி ஈக்கி."

இந்த மனிதரோடு இருபத்தைந்து வருஷம் இருக்கிறேன். இப்படியெல்லாம் பேசுவார் என்று தெரியாது.

ஜூலை 6

கிடைத்துவிட்டாள்! வவுனியாவில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது. ஷிஹாரா முகநூலில் தேடிப் பிடித்து நம்பரைத் தந்தாள். எடுத்தேன்.

"ஆர்?"

"ஹிதாயா. வேலிக்கு அங்கால."

"எடியே" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் கனநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். தலவில திருவிழாவுக்கு வருகிறாளாம். பியானோவைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரில் கேட்கலாம்.

ஓகஸ்ட் 4, திங்கள்

கத்தரினா வந்தாள். திருவிழா முடிந்து, தலவில மணல் ஒட்டிய செருப்போடு. தலை நரைத்திருக்கிறது. நடை மாறவில்லை. ஜபார் காலையிலேயே இறாலும் நண்டும் வாங்கி வைத்துவிட்டு, எங்கள் கதைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று உப்பளத்துக்குப் போனார்.

சாப்பிட்டதும் அறைக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைத் துணியை எடுத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கட வீட்டுப் பியானோ, தொண்ணூற்றைஞ்சில விட்டிட்டு ஓடினது. திரும்பிப் போய்ப் பாக்கேக்க கூரையுமில்லை, அதுவுமில்லை."

இரண்டு கதிரையை நெருக்கிப் போட்டோம். அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். நான் தொடங்கினேன். அவள் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று. அவளுடைய விரல்கள் மேலே நின்று நின்று, பிறகு மடியில் இறங்கின.

"ஒண்டும் வரேல்லையடி."

"பரவாயில்ல."

"உண்மையா வரேல்லை. நீ இவ்வளவையும் வைச்சிருக்கிறாய். நான் எங்க துலைச்சன்?"

நான் வாசிப்பதை நிறுத்தினேன். அவள் கட்டைகளைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்கள் போன பிறகு நான் மடத்துக்குப் படிக்கப் போகேல்லை. சிஸ்ரர் வீட்டுக்கு வந்து ஏன் எண்டு கேட்டவ. இடப்பக்கம் ஆள் இல்லை எண்டு சொன்னனான். அவவுக்கு விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அண்டைக்கு வேலியடியில நிண்டு என்னடி கேட்டாய்?"

யோசிக்கவே இல்லை, உடனே சொன்னாள். "பின்னேரம் வருவியா எண்டு கேட்டனான். நீங்கள் எங்க போறியள் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

அந்த மேல்பாகம் இனி வராது. எனக்கு ஏனோ அது பெரிதாகப் படவில்லை. பின்னேரம் முழுவதும் படுக்கையில் குறுக்கே கிடந்து, பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் ஒவ்வொருவரையும் இழுத்துக் கதைத்தோம். அவளுடைய சிரிப்பு அதே சிரிப்பு. பஸ் ஏறும்போது, "மார்கழியில ஒரு கிழமை லீவு போட்டுக்கொண்டு வாறன். ஆனா ஒண்டு, நீதான் படிப்பிக்கோணும்" என்றாள்.

ஓகஸ்ட் 10

தொடக்கப் புத்தகம் ஒன்று வாங்கினேன். முதலாம் பாடம். வலக்கைக்கு ஒன்றுமே தெரியாது. நாற்பத்தேழு வயது இடக்கையும் ஐந்து வயது வலக்கையும்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

லுஹர் தொழுகை முடித்து வந்து ஜபார் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கத்தரினா இருந்த கதிரை இன்னும் அங்கேயே கிடந்தது. வந்து அதில் உட்கார்ந்தார். சாரத்தில் கையைத் துடைத்தார்.

"உன்ட அந்தப் பாட்ட வாசி" என்றார்.

'மழை'யைத் தொடங்கினேன். பக்கத்தில் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு, வெடித்த சுட்டுவிரலை நீட்டி, வலப்பக்கத்தில் ஒரு கட்டையை அழுத்தினார். மெதுவாக. இன்னொரு முறை. அதே கட்டையை, அதே மாதிரி, பாத்தியில் தண்ணீர் விடுகிற கவனத்தோடு. நல்லாய் இருந்தது. வேறு எதுவும் தேவைப்படாத மாதிரி இருந்தது.

திடீரென்று கையை எடுத்துக்கொண்டார். "பிழையா?"

"இல்ல. எடுக்காதீங்க."

அஸர் பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தோம். எழும்பிப் பள்ளிக்குப் போகும்போது வாசலில் நின்று, "நாளைக்கு ரெண்டாவது கட்டைய காட்டு" என்றார்.