வேலியில் வைத்த கை

அண்ணா,

இன்று காலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துப் பெட்டியைத் திறந்ததும் புளி வாசனை மூக்கில் ஏறியது. பெட்டிக்குள் புளி இல்லை. புதிதாக வந்திருக்கும் டிரைவர் அதில் சார்ஜரும் சீப்பும்தான் வைத்திருக்கிறார். வாசனை மட்டும் எப்படியோ அந்த பிளாஸ்டிக்கில் ஊறிப்போய்க் கிடக்கிறது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸின் பின்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மழைக்காலம் முழுதாகப் போய்விட்டது. நீங்கள் இல்லை என்பது இன்னும் எனக்குள் இறங்கவில்லை.

மலை வளைவுகளில் நோயாளியோடு வருகிறவர்கள் வாந்தி எடுப்பார்கள் என்று, உங்கள் மரத்துப் புளியில் உப்பும் சீரகமும் இடித்து உருண்டை பிடித்து வைத்திருப்பீர்கள். "சிஸ்டர், உங்க மாத்திரைய அப்பறம் குடுங்க, மொதல்ல இத வாயில போடச் சொல்லுங்க" என்பீர்கள். நான் நோன்பிருக்கும் மாதத்தில் என் எதிரில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டீர்கள். திட்டினால், "மலைக்காரனுக்கு இன்னா தாகம்?" என்று ஒரு பொய். வாணியம்பாடிக்காரி எனக்கு இந்த மலையில் எந்தப் பாதை எந்த ஊருக்குப் போகிறது என்பதே உங்களோடு வண்டியில் உட்கார்ந்து வந்துதான் தெரிந்தது.

எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாக வண்டியை இறக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்துவீர்கள். அதற்கப்புறம்தான் கதவைத் திறப்பீர்கள். அன்றைக்கும் அப்படித்தான் நிறுத்தினீர்கள்.

கோடை மழை அடித்து ஓய்ந்த மதியம் அது. உங்கள் ஊருக்கு அடுத்த ஊர். காற்றில் புளியமரக் கிளை முறிந்து மின்கம்பியின் மேல் விழ, கம்பி அறுந்து சாமைக் கொல்லைக்குள் கிடந்தது. மாட்டை அவிழ்த்து வர ஓடிய ஒரு பெண் கொல்லை நடுவில் விழுந்துவிட்டாள் என்று நமக்கு அழைப்பு. ரோட்டில், கம்பத்துக்கு வெகு தூரம் முன்னாலேயே நிறுத்திவிட்டீர்கள். "எறங்காதீங்க சிஸ்டர். கம்பி எங்க கெடக்குதுன்னு மொதல்ல பாக்கணும்" என்றீர்கள். பிறகு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு என்னை அழைத்தீர்கள். கூடியிருந்தவர்களை எல்லாம் ரோட்டுக்கு அந்தப்பக்கம் விரட்டினீர்கள். கரண்ட் ஆபீசுக்கு போன் போட்டீர்கள். லைன்மேன் கிளம்பிவிட்டார் என்றார்கள், அவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம் என்றார்கள்.

"ஊர்லியே கரண்ட் இல்லண்ணா, மழைக்கு முன்னாடியே பூட்ச்சி" என்றார் ஒருவர்.

"உன் வூட்ல இல்லன்னா கம்பியிலயும் இல்லன்னு அர்த்தமா? போ, அந்தாண்ட நில்லு."

அந்தப் பெண்ணின் புருஷன் உங்கள் சட்டையைப் பிடித்தார். "என் பொண்டாட்டி அங்க கெடக்குறா, நீ இன்னாடா வேடிக்க பாக்குற? எதுக்குடா வண்டி எட்த்துக்கினு வந்த?" என்று கத்தினார். உங்களுக்கு எவ்வளவு சட்டென்று கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். அன்று வரவில்லை. அவர் கையை மெதுவாக விடுவித்து, "இப்ப நான் உள்ள போனா ரெண்டு பேரா கெடப்போம். அது மூச்சு விடுது, பாரு, கை அசையுது. கொஞ்சம் பொறு" என்றீர்கள். அந்த நேரத்தில் உங்களைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இதை உங்களிடம் சொல்லியிருக்கலாம்.

அப்போது அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்து நடந்தால் கம்பிப் பக்கமே வந்துவிடுவாள் என்று பதறிவிட்டீர்கள். கம்பி கிடந்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக, ரோட்டோரம் நடந்து போய், "யம்மா, எழுந்துக்காத! அப்டியே படு, வந்துட்டோம்!" என்று குரல் கொடுத்தீர்கள். குரல் நன்றாகக் கேட்கட்டும் என்று எட்டி நின்று கொல்லையின் வேலிக் கம்பியில் ஒரு கையை வைத்தீர்கள்.

அவ்வளவுதான், அண்ணா. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. நின்ற மனிதர் வேலியோரத்தில் விழுந்து கிடந்தீர்கள். நான் வழுக்கி விழுந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். சிரிக்கக்கூட வாயெடுத்தேன்.

காட்டுப்பன்றி நுழையாமல் இருக்க, பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து கொல்லைக்குக் கொல்லை ஒரே கம்பியாக இழுத்துக் கட்டுவது உங்கள் பக்கத்து வழக்கம். இடைவெளி விட்டால் பன்றி அதில்தான் நுழையும் என்பார்கள். அதில் யாரும் கரண்ட் விடவில்லை, வெறும் கம்பிதான். மரக்கால் நட்டு, மேட்டிலிருந்து ரோடுவரை அறுபடாமல் ஓடிய கம்பி. மேட்டுக்கொல்லையில், புதருக்குப் பின்னால், அறுந்த மின்கம்பி அந்த வேலியின் மேல் படுத்திருந்தது. நம் கண்ணுக்குத் தெரிந்தது அதன் மறுமுனை மட்டும்தான். அந்த வேலி உங்களுக்குத் தெரியாத வேலியா? உங்கள் கொல்லைக்கும் அதே மாதிரி நீங்களே இழுத்துக் கட்டியவர்தானே? எத்தனை தடவை உங்களோடு சண்டை போட்டுவிட்டேன், மனசுக்குள்.

நான் ஓடி வரவில்லை. நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கக் கற்றவள், அதற்காகவே சம்பளம் வாங்குகிறவள், கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் கிடந்த ஈரமண்ணில் எதுவரை கரண்ட் ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் சட்டையைப் பிடித்த அதே மனிதர் "ஐயோ" என்று அலறிக்கொண்டு உங்களைத் தூக்க ஓடினார். அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து நிறுத்தினேன். என் கையைக் கடித்தார். நான் விடவில்லை. லைன்மேன் வந்தார், லைன் நின்றுவிட்டதைச் சோதித்துப் பார்த்தார், "இப்பப் போங்கம்மா" என்றார். அதற்குள் உங்கள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

வண்டி இறக்கம் பார்த்துத் தயாராக நின்றது. ஓட்டத்தான் ஆள் இல்லை. லைன்மேனே ஓட்டினார். அந்தப் பெண்ணுக்குக் கால் முறிவு மட்டும்தான், மழைச் சேற்றில் வழுக்கியிருக்கிறாள். கம்பி அவளைத் தொடவே இல்லை. பக்கத்து பெஞ்சில் கிடந்து, அமிர்தி ஆஸ்பத்திரி வரும்வரை நான் உங்கள் நெஞ்சை அழுத்துவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். உங்கள் மூச்சு திரும்பவில்லை.

உங்கள் மனைவியை நான் முதன்முதலில் பார்த்தது ஆஸ்பத்திரி வாசலில். இத்தனை நாள் ஒரே வண்டியில் போனோம், அவரைப் பார்க்க அந்த நாள்தான் வாய்த்தது. "கம்பிய தொட்டுட்டாராமே? எல்லாருக்கும் சொல்ற மனுசனாச்சே" என்று கேட்டார். ஊரெல்லாம் அப்படித்தான் பேச்சு, அஜாக்கிரதையாகப் போனாராம், கம்பியைத் தொட்டாராம் என்று. இல்லக்கா, அவரு கம்பிகிட்டயே போகல, கடைசிவரைக்கும் எல்லாரையும் தள்ளித்தான் நிறுத்தினாரு என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். "அப்ப எப்டி?" என்றார். வேலி என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. அவர் வீட்டைச் சுற்றி இருப்பதும் அதே வேலிதான்.

போன வாரம் கணியம்பாடிப் பக்கம் ஒரு அழைப்பு. கம்பம் சாய்ந்து கம்பி கிடந்தது, ஒருவர் மயங்கிக் கிடந்தார். புது டிரைவர் நல்ல பிள்ளை. தூரத்திலேயே நிறுத்தினார், கூட்டத்தை விலக்கினார். பிறகு எட்டிப் பார்க்கிறேன் என்று ஆட்டுப்பட்டியின் கம்பிவேலிப் பக்கம் கையை நீட்டினார். நான் போட்ட கத்தலில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. காலரைப் பிடித்து ரோட்டு நடுவுக்கு இழுத்துவிட்டேன். லைன்மேன் வந்து பார்த்தார், அந்த வேலியில் ஒன்றும் இல்லை.

"இன்னா சிஸ்டர், அல்லாரு முன்னாடியும் மானத்த வாங்கிட்டீங்க. வெறும் வேலி" என்றார் டிரைவர். முகம் சிவந்திருந்தது. வழியெல்லாம் என்னோடு பேசவில்லை.

பேசாவிட்டால் போகட்டும். நாளைக்கும் கத்துவேன், நாளை மறுநாளும் கத்துவேன். அன்றைக்கு டூட்டி முடிந்ததும் முறைத்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டி, பைக்கை உதைத்து வீட்டுக்குப் போனார். அவர் மனைவி எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது, அண்ணா. தெரியாமலே இருக்கட்டும்.