நீக்கப்பட்டோர் பட்டியலில் உன் பெயர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குப் பழகிவிட்டீர்களா, உன் இருமல் நின்றதா என்று முதலில் கேட்கச் சொன்னாள் அம்மா, கேட்டுவிட்டேன். மாடிக் குழாய் ஒழுகுவது நின்றது. எதிர்வீட்டு டீச்சரின் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பஸ் டிப்போவில் எனக்குப் புது மேசை கொடுத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு கால் குட்டை. இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் இனிமேல் எழுதப்போவதைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், அதனால்தான் காகிதம்.

தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால் நாம் போட்ட சண்டை உனக்கு மறந்திருக்காது. "இங்க பதவிக்காலம் முடிஞ்சா தலைவர் பெட்டியக் கட்டிட்டுப் போயிடறாருப்பா, பழைய தலைவர் ஒருத்தர் போன வாரம் பல் டாக்டர்கிட்ட எனக்குப் பின்னாடி வரிசையில உக்காந்திருந்தாரு, நம்ம ஆளு பதினெட்டு வருஷமா எழுந்திருக்கவே மாட்டேங்கறாரே" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அவர் காலத்தில்தான் டிப்போ வந்தது, என் டைம் கீப்பர் வேலை நிரந்தரமானது, அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய். "விமானம் ஏறிப் போனவங்களுக்கு இங்க யாரு தலைவருன்னு சொல்ல உரிமை இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பதினோரு நாள் நாம் பேசவில்லை, அம்மாதான் இரண்டு பக்கமும் தூது போனாள்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் தேதி காலையில் வேலைக்குப் போகும் வழியில், தேர்தல் அலுவலக வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். 'நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறியோர், நீக்கப்பட்டோர்' என்று முப்பத்தேழு பெயர். பத்தொன்பதாவது நீ. நான் வைத்த பெயர், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது என் கையால் எழுதிக் கொடுத்த பெயர், அதன் மேல் ஒரு கோடு. உனக்கு உரிமை இல்லை என்று சொன்னவன் நான்தான், ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் வேலைக்குப் போகிற கால் அலுவலகத்துக்குள் திரும்பிவிட்டது. உள்ளே போய்க் கேட்டால் குமாஸ்தா தலையைத் தூக்காமலே, பட்டியல் மூன்றாம் தேதி ஒட்டியது, ஆட்சேபம் சொல்ல ஏழு நாள், பத்தாம் தேதியோடு முடிந்துவிட்டது என்றார். வெளியே வந்து பலகையை மறுபடி பார்த்தேன். ஒன்பதாம் தேதி அதே பலகையில் தண்ணீர் வராது என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு அம்மாவிடம் டிரம்மை நிரப்பி வைக்கச் சொல்லியிருந்தேன். பட்டியலின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினேன். அடியில் தண்ணீர் அறிவிப்பு, கீழே தேதி ஒன்பது. ஒன்பதாம் தேதிக் காகிதத்தின்மேல் மூன்றாம் தேதிக் காகிதம் எப்படி உட்காரும்? பதினேழு வருஷமாக எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுகிறவனிடமா தேதிக் கணக்கு காட்டுவது? குமாஸ்தாவை விட்டுவிட்டு நேரே மேல்மாடி ஏறி அதிகாரி அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் இரண்டு மாடி இறங்கி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காகிதத்தைத் தானே தூக்கிப் பார்த்தார்.  பிறகு, "ஒன்பதுல இருந்தே ஏழு நாள் கணக்கு வச்சுக்கறேன். பதினாறாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் வாங்கறேன்" என்றார்.

அன்று மாலையே 'மைக்' வீட்டுக்கு வந்தான். எங்கள் கட்சியின் வட்டாரப் பொறுப்பாளன், ரகசியம் சொன்னாலும் தெருமுனைவரை கேட்குமே, அவனேதான். இருபது வருஷம் ஒன்றாகக் கொடி பிடித்தவர்கள் நாங்கள். அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அந்த முப்பத்தேழும் நமக்கு எதிரா விழப்போற ஓட்டு. நீங்களே போய் அதச் சேத்து வைக்கலாமா? உங்க பொண்ணு யாருக்குப் போடும்னு உங்களுக்கே தெரியுமே" என்றான். தெரியும்தான். அவன் சொல்வதும் நியாயம்தானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா, "அவளப் பேசக் கூடாதுன்னவரு நீங்கதானே, இப்ப எதுக்கு அலையறீங்க?" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாள். நான் மைக்கின் பக்கம் திரும்பினேன். "என் பொண்ண நான் திட்டுவேன். வேற ஒருத்தன் அடிக்கக் கூடாது, பேரக்கூட" என்றேன். மைக் டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

இன்னும் இந்த நாட்டுக் குடிமக்கள்தான் என்று காட்ட ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் நகலும் வேண்டும், அதற்காக நான்கு நாள் லீவு போட்டு மற்ற முப்பத்தாறு வீடும் ஏறி இறங்கினேன். இன்ஷூரன்சுக்கு வேண்டும் என்று உன்னிடம் பாஸ்போர்ட் நகல் கேட்டேனே, அது பொய், மன்னித்துக்கொள். கடைத்தெருத் தையல்காரர் தன் மகனோடு நான்கு வருஷமாகப் பேசுவதில்லை. நகலுக்காக நானே எண்ணைப் போட்டு அவர் காதில் போனை வைத்தேன். நகல் கேட்க வேண்டியவர், "சாப்டியா" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். மிச்சத்தை நான் வாங்கிப் பேசினேன். மூன்று பேர் அந்தந்த நாட்டுக் குடிமக்களாகவே மாறிவிட்டார்கள், அவர்களுக்கு வழியில்லை. பதினாறாம் தேதி நாலே முக்காலுக்கு முப்பத்துநான்கு படிவத்தையும் மேசைமேல் வைத்தேன். அதே குமாஸ்தா ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினார், குத்தக் குத்த நான் எண்ணினேன். பெயர்களைத் திரும்பச் சேர்த்த பட்டியல் பலகையில் ஏறிய அன்று நான் டிப்போவுக்குள் நுழைந்ததும் ஒன்பது பஸ்ஸும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன பாப்பா. மேனேஜர் திட்டுவதற்காக ஓடிவந்தார், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். உனக்கு அப்பா ஆன நாளைக்கு அப்புறம் நான் இவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

ஓட்டுப் போட ஆறு மணி நேரம் ரயிலில் போய், தூதரக வாசலில் காதுவரை குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு நீ எடுத்து அனுப்பிய படத்தை அம்மா கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறாள். நான் என் பழைய ஆளுக்குத்தான் போட்டேன், நன்றி மறக்கத் தெரியவில்லை. உன் ஆள் ஜெயித்தார், என் ஆள் தோற்றார். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லையே என்று அம்மா கேலி செய்கிறாள். நிஜமாகவே ஒட்டவில்லை. முடிவு வந்த அன்று தையல்காரர் சட்டைத் துணி கொண்டுவந்து அளவெடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மைக்கும் வந்தான், போன தடவை குடிக்காத டீயையும் சேர்த்து இரண்டு டம்ளர் குடித்தான். அன்றைக்குப் போனில் உன்னிடம் நான் சொன்னது தப்பு. தூரத்தில் இருப்பதால்தான் உனக்குச் சில விஷயம் தெரிகிறது, கிட்டத்தில் இருப்பதால் எனக்குச் சில விஷயம் தெரிகிறது, இரண்டும் ஒரே பெட்டியில் விழட்டும். ஆனால் ஒன்று, ஜெயிக்க வைத்தாய் அல்லவா, இனிமேல் உன் ஆள் ஏதாவது தப்புச் செய்தால் நான் மந்திரிக்கு எழுத மாட்டேன், உனக்குத்தான் எழுதுவேன். நீ பதில் சொல்லியாக வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள். நகல் எடுக்கும்போது கவனித்தேன், உன் பாஸ்போர்ட் ஏப்ரலில் முடிகிறது. இன்றைக்கே புதுப்பிக்கக் கொடு. மறுபடி மாடி ஏற என் முழங்காலுக்குச் சம்மதம்தான், ஆனாலும் நீ கொடு.

இப்படிக்கு,
உனக்கு எதிராக ஓட்டுப் போட்ட
உன் அப்பா