ரிமோட் என் கையில்

ஞாயிறு இரவு, குட்மேய்ஸ், லண்டன்

மகள் அபியைக் கூட்டிவர இன்று பக்கத்து ஊரான பார்க்கிங்கில் இருக்கும் அவளுடைய சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மனுஷன், "வாங்கோ அண்ணி, கடைசிக் கட்டம்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடிப்போய் சோபாவில் இருந்துகொண்டார். டிவியில் கறுப்பு வெள்ளைப் படம். நான் சின்ன வயதிலிருந்து உயிராய் நினைக்கும் அதே படம். அந்தப் படத்தைப் பற்றி அவருக்கே நான்தான் சொன்னேன்.

வீட்டில் நான் எத்தனை தரம் போட்டும் பாதியில் போனைத் தூக்குகிற பிள்ளை, அங்கே சித்தப்பாவின் தோளில் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். அவர் தந்த தேத்தண்ணியைக் கூட நான் குடிக்கவில்லை.

காரில் கேட்டே விட்டேன். "நான் போட்டால் பாக்கமாட்டாய். அங்கை மட்டும் என்ன அழுகை?"

"நீங்கள் நிப்பாட்டி நிப்பாட்டி இங்கிலீஷில விளக்கம் சொல்லுவீங்கள், அம்மா. ஸ்கூல் மாதிரி இருக்கும். சித்தப்பா ஒண்டும் சொல்லமாட்டார். அவர் சும்மா அழுவார்."

அழுவாராம். பெரிய விஷயம்.

படத்தில், திரும்பி வந்த மகனைத் தாய்க்கு அடையாளம் தெரியாமல் போகிற இடத்தில் எனக்கும்தான் அழுகை வரும். பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாதென்று அங்கேதான் நான் ரிமோட்டை எடுக்கிறேன். படத்தை நிறுத்திவிட்டு விளக்கம் சொல்லத் தொடங்குகிறேன்.