மழை விட்ட பிறகு சரசு

ஜன. 8, வியாழன்
மழை விட்டது. மடுல்சீமையில் வெயில். மண்சரிவு அபாயம் நீங்கிவிட்டது, தோட்டத்து லய வீடுகளுக்குத் திரும்பலாம் என்று கிராம சேவகர், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கே வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பாக வந்தது. அங்கே இருந்தவரை பயந்து மூலையில் கிடந்தவன் நான். என் மனைவி சரசுதான் எல்லாருக்கும் சமைத்தாள், அழுதவர்களைச் சிரிக்க வைத்தாள்.
வீடெல்லாம் ஈரம். சுவரில் விரிசல் இல்லை. பாய், போர்வை காயப்போடணும். சோறு இரண்டு தட்டு. நல்ல தூக்கம்.

ஜன. 10, சனி
தேயிலை பெக்டரி திறந்தாச்சு. சரசு கொழுந்து பறிக்கப் போகவில்லை. ராத்திரி தூங்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து மேலே மலையையே பார்க்கிறாள். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற ராசாத்தி கேட்டது: அங்கே அவ்வளவு தைரியமா இருந்தவளுக்கு இப்ப என்ன வந்துச்சு? எனக்கும் தெரியவில்லை.
விளக்குக்கு எண்ணெய் வாங்கணும்.

ஜன. 15, பொங்கல்
பொங்கல் நான்தான் வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. அவள் ஒரு வாயோடு சரி. கத்திவிட்டேன். எல்லாம் முடிஞ்சுபோச்சு, உயிரோடு இருக்கோம், சந்தோஷப்பட்டால் என்ன என்று.
மத்தியானம் கண் அசந்து எழுந்தேன். அவள் அதே வாசலில். வந்து கொஞ்சம் படு என்றேன்.
"நீங்க படுங்க. ஒருத்தராவது முழிச்சிருக்கணும்ல."
கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னவோ செய்கிறது.

ஜன. 17, சனி
பசறை கிளினிக். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள், குறை ஒன்றும் இல்லை. வயசான நர்ஸ், அன்பான மனுஷி. நான் தூங்குகிறேன், இவளுக்கு முடியவில்லை என்றேன்.
"ஆபத்து போன பிறகு மூளை அமைதியாகிற விதம் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒண்ணா இருக்கிறதில்லைன்னு இப்ப சொல்றாங்க. எல்லாருக்கும் அப்படின்னு இல்ல. அவங்களை அவசரப்படுத்தாதீங்க."
பொங்கலன்று கத்தியது ஞாபகம் வந்தது. திரும்பும் வழியில் சரசு, தெமோதரையில் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்று கேட்டாள். ரயில் ஸ்டேஷன் பக்கத்து வீடு அது, பின்னால் மலை கிடையாது.

ஜன. 18, ஞாயிறு
கொண்டுபோய் விட்டேன். இரண்டு சேலை, சீப்பு, போர்வை. நானும் தங்கலாம்தான். ஆனால் வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த காம்பராவும் போகும். பஸ் வரும்வரை என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

ஜன. 20, செவ்வாய்
பனி. பெக்டரியில் கொழுந்து குறைவு. சாயந்தரம் சரசுவின் அக்காவிடமிருந்து போன். நேற்று மத்தியானம் படுத்தவள் விளக்கு வைக்கிற நேரம்தான் எழுந்தாளாம். இன்றும் தூங்குகிறாளாம். "எழுப்பட்டுமா தம்பி?"
வேண்டாம், தூங்கட்டும் என்றேன்.
சந்தோஷம்தான். இனி எந்த வாயால் அவளை இங்கே திரும்பி வா என்று கூப்பிடுவேன்.