சொன்ன நேரத்துக்கு வந்தவள்

அன்புத் தங்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நானாக வைத்துக்கொள்கிறேன், போன் செய்தால் நீ எடுப்பதில்லையே. அதில் எனக்குக் கோபமில்லை. இருந்த கோபத்தை உன் அத்தான் மேல் காட்டித் தீர்த்துவிட்டேன். பேனா பிடித்து நாளாயிற்று, எழுத்து கோழி கிண்டின மாதிரி வருகிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் டாக்டர்கள் கிறுக்கியதைப் படிக்கிற உனக்கு இது ஒன்றும் கஷ்டமாக இருக்காது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் பெண்ணுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இதைச் சொல்லாவிட்டால் நீ நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய். இனி நிதானமாகப் படி.

நான் செய்கிற வேலை என்னவென்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. யாராவது விசாரித்தால் ‘படம் பிடிக்கிற இடத்துல ஏதோ பண்றா’ என்று சொல்லி முடித்துவிடுவாயாம், சொன்னார்கள். அந்த ‘ஏதோ’ என்னவென்றால், விளம்பரப் படத்துக்கு நிற்கிற பெண்களையும் பையன்களையும் ஏற்பாடு செய்து, சொன்ன நாளில் ஸ்டூடியோவுக்கு வரவழைப்பது. ஏற்பாடு செய்வது சுலபம். வரவழைப்பதில்தான் என் தலைமுடி பாதி போயிற்று. மீதிக்குச் சாயம் அடிக்கிறேன்.

அவர்கள் சொல்கிற சாக்குகளைக் கேட்டால் நீ ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாய். லிஃப்டில் மாட்டிக்கொண்டேன் என்று ஒருத்தி அழுதாள். அவள் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்டே கிடையாது, நான் போயிருக்கிறேன். ஷாம்பூ விளம்பரத்துக்கு ஒப்புக்கொண்ட ஒருத்தி முந்தின நாள் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, மனசு சரியில்லை அக்கா என்றாள். ஒரு பையன் டயர் பஞ்சர் என்று படம் எடுத்து அனுப்பினான். போன மாதமும் பஞ்சர், போன மாதமும் அதே படம், டயர் பக்கத்தில் அதே உடைந்த செங்கல். படம் பிடிப்பதே பிழைப்பாக இருக்கிற எங்களிடமே பழைய படத்தை ஓட்டப் பார்க்கிறான், அவன் தைரியத்தைப் பாரேன். அவனைத் திட்டிவிட்டு அடுத்த வாரமே அவனையே கூப்பிட்டேன். வேறு ஆள் வரவில்லை.

இதற்காக நாங்கள் எல்லாரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். ஆறு மணிக்கு ஆள் வேண்டுமென்றால் ஆறு என்று யாரும் சொல்வதில்லை. புகைப்படக்காரர் கொஞ்சம் முன்னால் தள்ளி என்னிடம் சொல்வார். நான் அதற்கும் முன்னால் தள்ளி மேக்கப் அம்மாவிடம் சொல்வேன். அந்த அம்மா தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் பெண்களிடம் சொல்லும். பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, இதெல்லாம் தெரிந்து அவர்கள் பாட்டுக்குக் கழித்துக்கொண்டு வருவார்கள். ஆக, எல்லாரும் பொய் சொல்வதால் எல்லாம் ஒருவழியாகச் சரியாக நடக்கும். நாங்கள் தள்ளுவது ஒருவருக்கொருவர் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம்.

நடுவில் எழுந்துபோய் போனைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை. காலையிலிருந்து இதே வேலைதான். அடுப்பில் வைத்த பாலைக் கூட இவ்வளவு தடவை எட்டிப் பார்த்ததில்லை.

உன் பெண் இங்கே வந்ததும் நேரே என்னிடம்தான் வந்தாள். என் வீட்டிலேயே இரு என்றேன். மாட்டேன் என்றாள். பெரியம்மாதான் மனசைக் கலைத்துவிட்டாள் என்று அம்மா சொல்வாள், அது எனக்கு வேண்டாம் என்று இரண்டு பெண்களோடு ஒரு அறை பார்த்துக்கொண்டாள். உனக்கும் எனக்கும் நடுவில் அவள்தான் பெரிய மனுஷி மாதிரி நடந்துகொள்கிறாள். படத்துக்கு நிற்கப் போகிறவள் இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, அந்தக் கூட்டமே சொன்ன சொல்லுக்கு நிற்காத கூட்டம் என்று நீ சொன்னாயாமே. அதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. உன்னை மாதிரியே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

உனக்குப் பயந்து அவளுக்கு நான் வேலை எதுவும் கொடுக்கவில்லை. வேறு இரண்டு இடத்தில் அவளாகப் போய் நின்று பார்த்தாள், ஒன்றும் அமையவில்லை. அப்போதுதான் மழைக்கோட்டு கம்பெனி முதலாளி வந்தார். விளம்பரப் புத்தகம் முழுக்க ஒரே பெண் கோட்டுகளைப் போட்டுக் காட்ட வேண்டும், விடியற்காலையில் ஆளில்லாத தெருவில் எடுக்க வேண்டும் என்றார். ஒப்புக்கொண்ட பெண், முந்தின நாள் சாயங்காலம் எழுந்திருக்க முடியாத ஜுரம் என்று செய்தி அனுப்பினாள். அடுத்த நிமிஷம் கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்கிற படத்தையும் ஊருக்கெல்லாம் போட்டிருக்கிறாள். ஐஸ்கிரீம் ஜுரத்துக்கு நல்லது போலிருக்கிறது.

வேறு வழியில்லாமல் உன் பெண்ணைச் சொன்னேன். ஆனால் என் தங்கை மகள் என்று சொல்லவில்லை. சொந்தக்காரியைக் கொண்டுவந்து நுழைக்கிறாள் என்று பேசுவார்களே. யாரோ புதுப் பெண் என்று மேக்கப் அம்மாவிடம் நம்பரைக் கொடுத்தேன். அவளிடமும் சொல்லி வைத்தேன், அங்கே வந்து என்னைப் பெரியம்மா என்று கூப்பிடாதே, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று. சரி என்றாள். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாள். மேக்கப் அம்மா சொல்லும் என்று வைத்துவிட்டேன். அங்கேதான் காரியம் கெட்டுப்போயிற்று.

மேக்கப் அம்மா சொன்ன நேரம் எது என்று எனக்கு அப்புறம்தான் தெரியும். பால்காரனே புரண்டு படுக்கிற நேரம். உன் பெண் அதற்கும் முன்னாலேயே வந்து நின்றிருக்கிறாள். ஸ்டூடியோவுக்கு இரும்புக் கதவு, பூட்டு. காவல்காரருக்கு அவளைத் தெரியாது, உள்ளே விடவில்லை. இன்னாருக்குச் சொந்தம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாற்காலி போட்டிருப்பார். நான்தான் சொல்லக் கூடாது என்றிருந்தேனே. மழைக்கோட்டு விளம்பரம் என்று தெரிந்தோ என்னவோ மழையும் பிடித்துக்கொண்டது. எதிரே சைக்கிள் கடையின் தகரத்துக்குக் கீழே நின்றிருக்கிறாள். எனக்குப் போனில் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள். அந்த நேரத்தில் வருகிற போனெல்லாம் வரமுடியாததற்குச் சாக்கு என்று நான் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்குகிறவள். அன்றைக்கும் அணைத்துவிட்டுத்தான் தூங்கினேன்.

விடிகிற நேரத்தில் நாங்கள் ஒவ்வொருவராக வந்தோம். பெண்ணைக் காணோம். நனைந்த தலையைத் துவட்டிக்கொள்ள அவள் பக்கத்துச் சந்து டீக்கடைக்குப் போயிருந்தது யாருக்குத் தெரியும். வெளிச்சம் போய்விடும் என்று புகைப்படக்காரர் குதிக்கிறார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். எனக்கு எங்கே சொந்தக்காரி என்ற குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயம். அதனால் எல்லாரையும் விட அதிகமாக நான்தான் கத்தினேன். இதுங்களை எல்லாம் நம்பவே கூடாது, இப்படி வளர்த்து விட்டவர்களைச் சொல்ல வேண்டும் என்றேன். ஆமாம், உன்னைத்தான். வாயில் வந்துவிட்டது. திரும்பினால் வாசலில் நிற்கிறாள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

காவல்காரர்தான், இந்தப் பொண்ணு அப்பவே வந்துடுச்சே என்று எடுத்துக்கொடுத்தார். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“எங்க அம்மா ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட வந்து நிக்கறவங்களைக் காக்க வச்சதே இல்ல, பெரியம்மா. நானும் அப்படித்தான். வேற மாதிரி வர எனக்குத் தெரியாது.”

பெரியம்மா என்ற வார்த்தை கேட்டதும் மேக்கப் அம்மாவின் கையிலிருந்த தூரிகை அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மாவின் கண்ணை நீ பார்த்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் விஷயம் போய்விட்டது. போகட்டும்.

அப்புறம் அவள் உட்கார்ந்து தலையைக் காயவைத்தாள். மேக்கப் போட்டுக்கொண்டாள், கோட்டை மாட்டிக்கொண்டாள், தெருவில் இறங்கி நின்றாள். நான் இந்த வேலையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தச் சிடுமூஞ்சிப் புகைப்படக்காரர் நடுவில் ஒரு தடவை கேமராவை இறக்கிவிட்டுச் சும்மா பார்த்தார். முதலாளி மீதிக் கோட்டுகளுக்கும் இந்தப் பெண்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். வரும் வியாழக்கிழமை. இவள் வராவிட்டால் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடுவாராம். என் வேலையும் அவர் பின்னாலேயே போகும், அது கிடக்கட்டும். கிடக்கட்டும் என்று எழுதிவிட்டேன், முழுசாக மனசு வரவில்லை. என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா.

வேலை முடிந்ததும் கோட்டை மடித்து வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என் போனை எடுக்கவில்லை. அறைக்குப் போனேன். கூட இருக்கிற பெண்தான் கதவைத் திறந்து, இவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள், எங்கே போகிறாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள் என்றது. உள்ளே அவள் முதுகைத்தான் பார்த்தேன். இந்தத் தொழில் வேண்டாம் என்று கிளம்பினால் கிளம்பட்டும், அது அவள் இஷ்டம். ஆனால் அவளுக்குத் திரும்பிப் போக ஒரு வாசல் வேண்டாமா? என் வாசலுக்கு இனி அவள் வர மாட்டாள். உன் வாசலைப் பற்றி நீ சொன்னது அவளுக்கு மனப்பாடம். வேறு எங்கேதான் போவாள்?

இந்தக் கடிதம் நாளை மத்தியானம் உன் கையில் இருக்கும் என்று கூரியர்காரன் சொல்கிறான். அவன் எவ்வளவு தள்ளிச் சொல்கிறானோ தெரியாது.

தங்கச்சி, என்னை நீ திட்டு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. இதைப் படித்து முடித்ததும் அவளுக்கு மட்டும் ஒரு போன் போடு. நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். படத்துக்கு நிற்பது நல்லது கெட்டது என்று ஆரம்பிக்க வேண்டாம். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் ஒன்றும் பேசாதே, அவளும் பேச மாட்டாள், இரண்டு பேரும் சும்மா போனைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அம்மா என்ற பெயர் அந்தத் திரையில் ஒரு தடவை வரட்டும். அதைப் பார்த்த பிறகு அவள் எந்தப் பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் எனக்குப் பயமில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடி,

உன் அக்கா